இடுப்புக்குப் போன கை

1

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். மைனஸ் நான்கு டிகிரி. காற்று இல்லை. புல்லின் மேல் உறைபனி உப்பளம் போல வெளுத்துக் கிடந்தது. ஒஹாயோ மாநிலத்தில் என் மகன் செந்தில் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. அதைச் சுற்றி வர 412 எட்டு. நாளைக்கு இருபது சுற்று நடப்பேன். எண்ணிக்கை தவறாமல் இருக்க, கோட்டின் வலது பையில் இருபது கூழாங்கற்களைப் போட்டுக்கொள்வேன். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லை எடுத்து இடது பையில் போடுவேன். கல்லை மாற்றும் இடம், கார்கள் நிற்கும் ஓரம்.

ஒரு கிழவன் இருட்டில் வந்து, கார்களுக்குப் பக்கத்தில் நின்று, பைக்குள் கைவிட்டு, நகர்ந்து, மறுபடி வந்து அதையே செய்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான்கு வருடமாக நான் யோசித்ததே இல்லை. யாரோ போலீசுக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது சுற்றில் கார் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். உடம்பில் குண்டு துளைக்காத கவசம், அதன் மேல் எட்டு பைகள், தொடையில் கட்டிய உறை. எல்லையில் எங்கள் ரோந்துப் படைக்குக் கொடுத்ததைவிட நல்ல சாமான். மூத்தவர் உரக்கச் சொன்னார், கைகளைக் காட்டு என்று. நான்கு வருடத்தில் எனக்கு அந்த அளவு ஆங்கிலம் காதில் விழும். நன்றாகவே புரிந்தது. ஆனால் உடம்பு வேறு பாஷையில் பழகியது. எனக்கு எழுபத்தொரு வயது. அதில் இருபத்தெட்டு வருடம் காலாட்படை. அதிகாரத்தோடு ஒரு குரல் உயர்ந்தால் என் குதிகால்கள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு கையும் கால்சட்டைத் தையலோடு ஒட்டிக்கொண்டன. முஷ்டி மடங்கிவிட்டது. அட்டென்ஷன். வலது முஷ்டிக்குள் பன்னிரண்டாவது கல்.

அவர் மூன்று முறை கத்தினார். கத்தக் கத்த நான் இன்னும் விறைப்பானேன். பெயர் கேட்டதற்கு ராணுவ எண்ணையும் ‘சுபேதார்’ என்ற பதவியையும் சேர்த்துச் சொன்னேன். துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். நிற்கும் கோணம் சரியாக இருந்தது. விரல் விசைக்கு வெளியே இருந்தது. இரண்டாவது ஆள் எனக்கு இடப்பக்கம், குறுக்குச் சூடு விழாத இடமாகப் பார்த்து நின்றான். என்னிடம் பயிற்சி எடுத்திருந்தால் பத்துக்கு ஒன்பது போட்டிருப்பேன். சாகப்போகிறோமோ என்ற நினைப்பும் இந்த மதிப்பெண்ணும் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடின.

ஒன்பது விநாடி. எண்ணினேன். பிறகு அந்த இளைய ஆள் குரலைத் தணித்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இப்போது நினைவில்லை. தணிந்த குரல் என்பதுதான் நினைவிருக்கிறது. என் கை திறந்தது. கல் விழுந்தது.

அன்றைக்கு இந்த நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்கான நாள். எங்கள் தெரு விளக்குக் கம்பங்களில் இருபத்திரண்டு கொடி கட்டியிருந்தார்கள்.

2

வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மூத்தவர் மன்னிப்புக் கேட்டார். என் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையைப் பார்த்ததும் கைகுலுக்கி, சேவைக்கு நன்றி என்றார். எந்த நாட்டுக்கு யார் செய்த சேவை என்று அவர் விசாரிக்கவில்லை.

செந்தில் வேலைக்குப் போகாமல் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தான்.

“அப்பா, இங்கல்லாம் அட்டென்ஷன்ல நிக்கக்கூடாதுப்பா. கைய விரிச்சிக் காட்டணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

“ஒரு தடவகூட நீ சொல்லலடா.”

“சொன்னேன். நீங்க டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

மருமகள் காபியை வைத்துவிட்டு, “மாமா, கல்லுல்லாம் வேணாம். வாட்ச்சே எண்ணும். ஆர்டர் போட்டுட்டேன்” என்றாள். நல்ல பெண். இந்த வீட்டில் எந்தக் கவலையும் இரண்டு நாளில் பெட்டியில் வந்து இறங்கிவிடும்.

பதினான்கு வயதுப் பேரன் நிதின் மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவனுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அன்றைக்கு அதிசயமாகத் தமிழில் கேட்டான்.

“தாத்தா, பயமா இருந்துச்சா?”

“இல்ல.”

“பொய்” என்று சொல்லிவிட்டுத் தன் போனை நீட்டினான். யாரோ ஒரு வீட்டு வாசல் காமிராவில் பதிவானதைத் தெருக்காரர்கள் குழுவில் போட்டிருந்தார்கள். ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. அதில் இருப்பது ஒரு கறுத்த உருவம். கை பைக்குள் போகிறது. வெளியே வருகிறது. சொன்னால் கேட்கவில்லை. முஷ்டியைத் திறக்கவில்லை.

பதினான்கு முறை பார்த்தேன். எட்டாவது முறையிலிருந்து நான் என்னைப் பார்க்கவில்லை. சிதம்பரத்துச் சாலையில் நின்ற ஒரு மீன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

ராணுவத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஏழு ஏக்கர் மானாவாரி நிலத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டிய நான்கு அண்ணன் தம்பிகளில் நான் மூன்றாவது. பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. லங்கரில், அதாவது எங்கள் சமையல் கூடத்தில், தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவன் யார், பின்னால் நிற்பவன் யார் என்று கேட்க நேரமிருக்காது. வேளைக்கு நாலு சப்பாத்தி. அந்த வரிசைதான் என்னை மனிதனாக்கியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஓய்வு பெற்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டியதும், காவலர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கவாத்து சொல்லிக்கொடுக்க ஒப்பந்தத்தில் கூப்பிட்டார்கள். எட்டு வருடம், பதினொரு அணி, 1,163 பையன்கள். தொப்பையும் வெற்றிலைக்கறையுமான பழைய ஏட்டுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த எனக்கு, இவர்களைப் படையாக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு வெறி. ஆக்கியும் காட்டினேன். சுனாமி வந்த மறுநாள் தேவனாம்பட்டினத்தில் என் பையன்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி உடல்களை வெளியே கொண்டுவந்தார்கள். பதினாறு மணி நேரம். ஒருவனும் வரிசையை உடைக்கவில்லை, ஒருவனும் வாந்தி எடுக்க ஓரமாகப் போகக்கூட அனுமதி கேட்கவில்லை. அன்றைக்கு அந்த ஊர்ப் பெண்கள் அவர்களைக் கும்பிட்டார்கள். அதற்கு நான் பெருமைப்படாமல் இருக்க முடியாது.

ஆனால் வரிசையோடு வேறொன்றையும் நான் சொல்லிக்கொடுத்தேன். வடக்கு எல்லையில் நான்கு வருடம் இருந்திருக்கிறேன். அங்கே என் பிரிவில் ஒருவன், எதிரில் வந்தவனின் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்தும் ஒரு விநாடி தாமதித்தான். அவன் பெயரை இங்கே எழுத வேண்டாம். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதனால் கவாத்து முடிந்து பையன்கள் வியர்வையோடு உட்கார்ந்திருக்கும்போது சொல்வேன்: “கண்ணைப் பார்க்காதே, கையைப் பார். கை இடுப்புக்குப் போனால் காத்திருக்காதே.” எல்லோரையும் உரக்கத் திருப்பிச் சொல்ல வைப்பேன். ஒரு வகுப்புக்கு முப்பது முறை.

எல்லையில் அது சரி. கடலூரில் இடுப்புக்குக் கை எதற்குப் போகும் என்று கடலூரில் பிறந்த நான் யோசித்திருக்க வேண்டும்.

4

ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு மார்கழித் திருவாதிரை. சிதம்பரத்துக்குள் வரும் சாலையில் பந்தோபஸ்து. காலை ஆறு மணிக்கு தேவனாம்பட்டினத்து ஏழுமலை, மொபெட்டின் பின்னால் ஐஸ்பெட்டியில் மீன் வைத்துக்கொண்டு வந்தார். போலீஸ் கைகாட்டியது. நிறுத்தி இறங்கினார். லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் போலீசையோ, பெரியவர்களையோ, சாமி ஊர்வலத்தையோ பார்த்தால் மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்து இறக்கிவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கை தானாக இடுப்புக்குப் போகும்.

போனது. பணியில் நின்ற காவலர் காத்திருக்கவில்லை. லத்தி ஒரே வீச்சு. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

அந்தக் காவலன் கதிரவன். என்னுடைய ஏழாவது அணி, வரிசையில் முதல் ஆள், அணிவகுப்பில் கொடி பிடித்தவன்.

செய்தி வந்தபோது என் மனைவி கமலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “லுங்கிய எறக்கி உட்டிருப்பாருங்க, பாவம். போலீசப் பாத்தா எல்லாரும் அதத்தான பண்ணுவாங்க? எங்கப்பாகூட அப்புடித்தான்.”

“நீ சும்மா இரு. ஒனக்கு ட்யூட்டின்னா என்னான்னு தெரியுமா?” என்றேன்.

துறை விசாரணைக்கு என்னையும் அழைத்தார்கள். ஒரே கேள்வி: இடுப்புக்குக் கை போனால் தாக்கலாம் என்பது பயிற்சிப் பாடத்தில் உள்ளதா? உள்ளது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இல்லை. பாடத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அது என் சொந்தச் சரக்கு. ஆனால் என் பையன் கதிரவனுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம், வேலை போய்விடும். படையில் ஆளை விட்டுக்கொடுப்பதில்லை. பயிற்சிப்படி நடந்தார் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். ஏழுமலை நஷ்டஈடு கேட்டு சிதம்பரத்தில் வழக்குப் போட்டார். என் காகிதம் அவர் வழியை மறித்துக்கொண்டு ஒன்பது வருடம் நின்றது.

5

கமலா போன பிறகு, அமெரிக்காவுக்குப் புறப்படும் முன், ஒருநாள் தேவனாம்பட்டினம் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஏழுமலையின் மனைவி தராசு பிடித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். இடது கையால், தடுமாறி, லுங்கியை இறக்கிவிட்டார். வலது கை விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

“வாங்க சார். மிலிட்டரிங்களா? நடையே சொல்லுதே.”

“ஆமா.”

“என்னா வேணும்? சங்கரா இப்பதான் எறங்குச்சி. ஏய், சாருக்குப் பெருசாப் பாத்துப் போடு.”

அவர் மனைவி என் முகத்தைக்கூடப் பார்க்காமல், “இவுரு இப்ப வியாபாரி இல்ல சார், கூவுறதுக்கு மட்டும் வெச்சிருக்கேன்” என்றார்.

“வாய ஒடைக்காம உட்டாங்களே, அதச் சொல்லு” என்று அவர் சிரித்தார்.

இரண்டு கிலோ சங்கரா மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தனியாளுக்கு எதற்கு இரண்டு கிலோ? மீதியைக் கதிரவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

6

என் மஞ்சக்குப்பத்து வீட்டுச் சாவி கதிரவனிடம்தான் இருக்கிறது. அவன்தான் தண்ணீர் வரி கட்டுவான், கமலாவின் படத்துக்குப் பூ மாற்றுவான். கமலாவைத் தூக்கும்போது செந்தில் விமானத்தில் இருந்தான். முன்பக்கம் தோள்கொடுத்தது கதிரவன். நான்கு வருடமாக ஞாயிறுதோறும் காலை ஒன்பதரைக்கு, அங்கே இரவு சாப்பாடு முடிந்ததும், போன் செய்வான். கடலூரில் மழையா, துறைமுகத்தில் என்ன மீன், யார் மாற்றலாகிப் போனார். வாரத்தில் நான் முழு வாக்கியமாகத் தமிழ் பேசுவது அந்த அரை மணி நேரம்தான்.

ஏழுமலையின் வக்கீல் எனக்கு எழுதிய இரண்டு கடிதமும் அந்த வீட்டுக்குத்தான் வந்தன. உண்மையான பாடத்திட்டம் பற்றி ஒரு பிரமாணப் பத்திரம் தர முடியுமா என்று கேட்டிருந்தார். படம் எடுத்து எனக்கு அனுப்பியதும் கதிரவன்தான்.

“கிழிச்சிப் போட்டுடவா அய்யா?”

“வெச்சிரு. பாத்துக்கலாம்.”

நவம்பர் 16, ஞாயிறு. பூங்காவில் நடந்ததைச் சொன்னேன். கொதித்துப்போனான்.

“ஒங்களயா? எவன் அவன்? ஒரு சல்யூட் அடிச்சிருக்கணும் அய்யா அவன்! நானா இருந்தா—”

“நீயா இருந்தா அடிச்சிருப்ப, கதிரவா.”

முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “நெட்டு கட்டாவுது அய்யா” என்று வைத்துவிட்டான். கட்டாகவில்லை.

அடுத்த வாரம் வக்கீல் கேட்ட பிரமாணப் பத்திரத்தை எழுத உட்கார்ந்தேன். நான்கு பத்தி. மூன்றாவது பத்தி: இடுப்புக்குக் கை போனால் காத்திருக்கக் கூடாது என்ற விதி காவலர் பாடத்தில் இல்லை, நான் சண்டையிட்ட இடத்திலிருந்து அதைக் கொண்டுவந்து, யார் அனுமதியும் இல்லாமல் கற்பித்தேன், விசாரணையில் இதற்கு மாறாக எழுதிக்கொடுத்தது பொய். நான்காவது: கடலூர், சிதம்பரம் பக்கத்தில் மரியாதைக்கு லுங்கியை இறக்கிவிடுவது வழக்கம் என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும்.

எழுதுவது எளிது. வங்கியில் நோட்டரி முன் கையெழுத்து. பிறகு பேருந்தில் நாலரை மணி நேரம் போய் இந்தியத் தூதரகச் சேவை மையத்தில் சான்றொப்பம். முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். தப்பு என்னுடையதுதான். ஐம்பது வருடப் பழக்கத்தில் பெயருக்கு முன்னால் பதவியைச் சேர்த்துக் கையெழுத்திட்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை. மறுபடி நோட்டரி, மறுபடி பேருந்து. வெறும் பெயரை மட்டும் எழுதினேன். கை பழகாமல் கோணலாக வந்தது.

செந்தில் கேட்டான்: “யாருப்பா இந்த ஏழுமலை? எதுக்கு இப்ப இதெல்லாம்? ஒங்கமேலயே கேஸ் போட்டா?”

“போடட்டும். எனக்கு இங்க என்னா வேல?”

நிதின்தான் கூரியர் கடைக்கு என்னோடு வந்தான். தெரு திருப்பத்தில் போலீஸ் கார் ஒன்று கடந்தபோது என் வலது கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். கார் போன பின் விட்டுவிட்டான்.

கூரியர் போகும் முன் கதிரவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். முடியவில்லை. போன பின்தான் சொன்னேன். டிசம்பர் 14, ஞாயிறு, ஒன்பது முப்பத்திரண்டு.

அவன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஏதோ பாட்டுப் போட்டி ஓடும் சத்தம் கேட்டது.

“எஸ்.ஐ. லிஸ்ட்ல பேரு வந்திருக்கு அய்யா. போன வாரம்தான். ஒங்களுக்கு இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“தெரியாது கதிரவா.”

“நீங்க சொன்னததான அய்யா செஞ்சேன்?”

“அதத்தான் எழுதியிருக்கேன். தப்பு என்னுதுன்னு.”

“ஒங்களுக்கு பென்ஷன் நிக்காது. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு ரெண்டு புள்ள.” குரல் உயரவில்லை. நான் பழக்கியது அப்படி. “சாவிய எதிர்வூட்டுல குடுத்துடறேன் அய்யா. பூவுக்கும் அவுங்ககிட்டயே சொல்லிடறேன்.”

அவன் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் நான் உண்மை எழுதியிருந்தால் அப்போதே அவனுக்கு ஒரு தண்டனை கிடைத்து, இந்நேரம் அது கழிந்தும் போயிருக்கும். அவனைக் காப்பாற்றியது போலச் செய்து, பதவி உயர்வு வரும் நேரம் பார்த்துக் காலை வாரியிருக்கிறேன். ஆளை விட்டுக்கொடுக்காதது, விட்டுக்கொடுத்தது, இரண்டையும் நானே செய்தேன். ஏழுமலைக்கு இதைச் செய்யாமல் இருக்கவும் முடியாது.

7

ஜனவரியில் வக்கீல் ஒரு குரல்பதிவு அனுப்பினார். பத்திரம் வந்து சேர்ந்தது, நீதிமன்றத்தில் கொடுத்தாகிவிட்டது, பிப்ரவரியில் விசாரணை. காணொளியில் என்னைக் கேள்வி கேட்பார்கள், தயாராக இருக்கவும். கடைசியில் ஒரு வரி: “ஏழுமலை ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க சார். சங்கரா வாங்கிக்கிட்டுப் போனாரே, அந்த மிலிட்டரிக்காரரான்னு.”

ஆமாம் என்று பதில் அனுப்பினேன்.

மருமகள் வாங்கிக்கொடுத்த கடிகாரம் சுற்றுகளை எண்ணுகிறது. இப்போது வெளிச்சம் வந்த பிறகுதான் நடக்கிறேன், கைகள் வெளியே தெரியும்படி. அந்த இளைய போலீஸ்காரன் ஒருமுறை காரை மெதுவாக்கிக் கையசைத்தான். நானும் அசைத்தேன், விரல்களை விரித்து.

நோட்டரி இரண்டு முறை, 20 டாலர். பேருந்து இரண்டு முறை போக வர, 92. புகைப்படம் 16.99. சான்றொப்பம் 23. கூரியர் 58. செந்திலிடம் வாங்கவில்லை, என் ஓய்வூதியத்திலிருந்தே எடுத்தேன். ஆக 209 டாலர் 99 சென்ட். அன்றைக்கு நான் போட்ட கணக்கில் பதினேழாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய். பொங்கலும் போய்விட்டது. ஒன்பதரைக்கு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஞாயிறுகள், இன்றோடு ஆறு.